கழிமுகத்துக் கார்பன் யாருடையது? எந்த ஐசோடோப்பை நம்பலாம்

“60 சாம்பிளுக்குத்தான் பணம் இருக்கிறது. கார்பனும் நைட்ரஜனும் மட்டும் பார்த்தால் போதுமா? கந்தகத்தையும் சேர்க்கலாமா? இல்லை, சாம்பிளைக் குறைத்துக்கொண்டு கொழுப்பு அமிலம் வரை போய்விடலாமா?”

கழிமுகத்திலோ அலையாத்திக் காட்டிலோ ஆய்வு தொடங்குகிறவர்கள் ஏறத்தாழ இப்படித்தான் கேட்கிறார்கள். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று: “எதை எதிலிருந்து பிரிக்கப் போகிறீர்கள்?” பலரும் அதை யோசிக்காமலே பட்ஜெட் போட்டு முடித்திருப்பார்கள். எந்த மெஷினில் ஓட்டுவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

புதிதாக வருகிறவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சேற்றிலோ மீனிலோ இருக்கும் கார்பன் அலையாத்தியிலிருந்து வந்ததா, கடலிலிருந்தா, வயலிலிருந்தா என்று அதன் மூலத்தைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். இயற்கையில் இருக்கும் கார்பன் அணுக்களில் ஏறத்தாழ 99 சதவீதம் நிறை 12 உடையவை, 1.1 சதவீதம் நிறை 13. ஒரே தனிமத்தின் இப்படி வெவ்வேறு நிறை கொண்ட அணுக்களைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். ஒளிச்சேர்க்கை செய்யும்போது ஒவ்வொரு செடியும் இந்தக் கனமான கார்பனை ஒவ்வொரு அளவுக்கு ஒதுக்குகிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தை ஒரு நியமத்தோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எத்தனை என்று பெர்மில் (‰) கணக்கில் எழுதுகிறோம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த ஒரு கடல் புதைபடிவம்தான் கார்பனுக்கு முதலில் வைத்த நியமம். அதில் கனமான கார்பன் அதிகம். அதனால்தான் இலை, மீன், சேறு எதை அளந்தாலும் எண் மைனஸில் வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மூலங்கள் பிரிகின்றனவா என்பது. இரண்டு மூலங்களின் மதிப்பும் ஒன்றாக இருந்தால் எந்தக் கருவி வந்தாலும் பிரிக்காது. இரண்டாவது, மூலத்தில் இருந்த அடையாளம் அழுகும்போதும் தின்னப்படும்போதும் மாறாமல் வருகிறதா. மூன்றாவதாக, நீங்கள் அளப்பது எது: நீரில் மிதக்கும் துகளா, கரைந்திருப்பதா, அடிச்சேறா, மடவை மீனின் தசையா? துகள் அந்த ஓதத்தின் கதையைச் சொல்லும். மீனின் தசை பல வாரங்களின் சராசரி. சேற்றின் மேல் சென்டிமீட்டரில் சில வருடங்களே இருக்கலாம். கடைசியாகக் கைவேலை. ஒரு சாம்பிளுக்கு லேப் கேட்கும் கட்டணத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள். அதைத் தயார் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று யாரும் விசாரிப்பதில்லை.

கண்முன் ஓர் இடம் இருக்கட்டும்: பிச்சாவரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் அலையாத்தி. அதில் பெரும்பகுதி வெண்கண்டல், வாய்க்கால் ஓரங்களில் சுரபுன்னை. வயல் வடிகால் நீர் கான் சாகிப் கால்வாய் வழியாக உள்ளே வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்று நீரும் கோடையில் உப்பும் மேலோங்கும்.

## முதல் வழி: கார்பனும் நைட்ரஜனும்

எல்லோரும் தொடங்குவது இங்கேதான். ஒரே ஓட்டத்தில் இரண்டு ஐசோடோப்பும் கிடைக்கும், கூடவே கார்பன்-நைட்ரஜன் விகிதமும் வந்துவிடும். மீன் தசை 1 மில்லிகிராம் கூட வேண்டாம். இலைத்தூள் 2 முதல் 4, சேறு என்றால் 20 முதல் 50 மில்லிகிராம். கருவியின் துல்லியம் கார்பனுக்கு 0.1‰, நைட்ரஜனுக்கு 0.2‰ அளவில் இருக்கும்.

புத்தகத்தில் உள்ள எண்கள் அழகானவை. அலையாத்தி இலை −28‰ பக்கம், கடலின் தாவர மிதவை உயிரிகள் −20 முதல் −22, கடற்புல் −10 பக்கம். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது என்ன கஷ்டம் என்று தோன்றும்.

கஷ்டம் இங்கே இருக்கிறது. வாய்க்காலுக்குள் விழுந்த இலைகள் அழுகிக் கரியமில வாயுவை விடுகின்றன. அந்தக் கார்பனும் −28 பக்கம்தான். அதையே எடுத்து வளரும் மிதவை உயிரிகளின் மதிப்பு −21-ல் நிற்காமல் −24, −25 என்று கீழே இறங்கிவிடும். பிறப்பு கடல் வகை, சாப்பாடு காட்டுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விபரீதம் புரியும். மிதக்கும் துகளில் −26‰ வருகிறது. அலையாத்தி −28, மிதவை உயிரி −21 என்று புத்தக எண்ணைப் போட்டால் 71 சதவீதம் அலையாத்தி என்று வரும். அதே வாய்க்காலில் நீங்களே அளந்த மிதவை உயிரி −24.5 என்று வைத்தால் 43 சதவீதம். சாம்பிளும் கருவியும் அதேதான். ஆனால் ஒரு கட்டுரை “காடுதான் ஊட்டுகிறது” என்று முடியும், இன்னொன்று “இல்லை” என்று முடியும்.

அதனால் என் கணக்கில் இந்த வழியின் முதல் மறைமுகச் செலவு, மூலங்களை நீங்களே அளப்பதுதான். இலையைப் பறிப்பது அரை மணி நேர வேலை. சேற்றுத் துகள் கலக்காமல் மிதவை உயிரிகளை மட்டும் பிரித்தெடுப்பது ஒரு வாரத்தையே தின்னும். வலையில் வருவதில் பாதி இலைத்துணுக்காக இருக்கும்.

இரண்டாவது செலவு அமிலம். சேற்றில் சிப்பித்தூள் இருக்கும். அதன் சுண்ணாம்புக் கார்பன் 0‰ பக்கம். அது போக வேண்டுமென்றால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் வைக்க வேண்டும். அமிலம் பட்டால் நைட்ரஜன் மதிப்பு கெடக்கூடும். எனவே ஒரே சேற்றை இரண்டாகப் பிரித்து, அமிலம் பட்டதில் கார்பனையும் படாததில் நைட்ரஜனையும் பார்ப்பதே ஒழுங்கு. பட்ஜெட்டில் இருந்த 60 அங்கேயே 120 ஆகிவிடும். இதை முன்கூட்டிச் சொல்கிறவர்கள் குறைவு.

நான் பட்டதையும் சொல்கிறேன். சாம்பிளை வைக்கும் தகரக் கிண்ணம் புளியங்கொட்டை அளவுகூட இருக்காது. சாமணத்தால் மடித்து மடித்து மிளகு போல உருட்ட வேண்டும். ஆரம்பத்தில் நான் சேற்றை அந்தத் தகரக் கிண்ணத்திலேயே போட்டு அமில ஆவியில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் கிண்ணம் அப்பளம் போல நொறுங்கியது. அமிலத்துக்கு வெள்ளிக் கிண்ணம்தான். அதிலும் அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உலர்த்தியில் காயவைத்து, வெளியே எடுத்த கையோடு மடித்து, மேலே ஒரு தகர உறை போட வேண்டும். மழை நாளில் இந்த வேலையில் உட்காராதீர்கள்.

நைட்ரஜனைப் பொறுத்தவரை எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் ஏறத்தாழ 3.4‰ கூடும்; அதற்கு அது அருமையான கருவி. மூலத்தைப் பிரிக்க அதை நம்பும்போதுதான் யோசிக்க வேண்டும். யூரியா 0‰ பக்கம். மனித, கால்நடைக் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் +10-க்கு மேலும் போகும். அதுவரை சரி. ஆனால் தண்ணீர் கட்டிய நெல் வயலில் அம்மோனியா ஆவியாகியும், நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைத் தின்றும், மிச்சமிருக்கும் நைட்ரஜனின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். உரம் சாக்கடை வேஷத்தில் வந்து நிற்கும்.

கார்பன்-நைட்ரஜன் விகிதம் இலவசமாகக் கிடைப்பதால் அதையும் வரைந்துவிடுகிறார்கள். மிதவை உயிரிகளில் 6.6 பக்கம், அலையாத்தி இலையில் 20-க்கு மேல். கலப்புக் கணக்கில் அந்த விகிதத்தை அப்படியே சராசரி எடுப்பது தப்பு. இலை 40, மிதவை உயிரி 7, கார்பனில் பாதிப்பாதி என்றால் கலவை 23.5 வராது, 12 பக்கம்தான் வரும். விகிதத்தைத் தலைகீழாக, நைட்ரஜன்-கார்பன் என்று எடுத்தால் கணக்கு நேராகும். போதாததற்கு, அழுகும் இலையில் நுண்ணுயிர்கள் ஏறி நைட்ரஜனைச் சேர்ப்பதால் விகிதம் தானாகவே இறங்கும்.

இவ்வளவு சொன்னாலும் இந்த ஜோடியே போதும் என்ற இடங்கள் உண்டு. பாக் விரிகுடாவில் கடற்புல்லிலிருந்து எவ்வளவு கார்பன் அடிச்சேற்றுக்குப் போகிறது என்பது கேள்வியா? −10-க்கும் −21-க்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கிறது. கடற்பாசியையும் கடற்புல்லின் மேல் ஒட்டி வளரும் பாசியையும் தனியாக அளந்துவிட்டால் கார்பன் ஒன்றே முக்கால்வாசிப் பதிலைத் தந்துவிடும். 2022-ல் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டருக்குள் வேலை செய்கிறவர்கள் கந்தகத்துக்குப் பணம் ஒதுக்கும் முன் இதை யோசிக்கலாம்.

## இரண்டாவது வழி: கந்தகத்தையும் சேர்ப்பது

இதன் அருமை புரிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே கிரேட் சிப்பவிசெட் என்ற உப்புச் சதுப்பு. அங்குள்ள வரிச்சிப்பி எதைத் தின்கிறது என்று கேள்வி. சதுப்புப் புல்லின் கார்பன் −13, மேட்டு நிலச் செடிகள் −28, மிதவை உயிரிகள் −21. அந்த −21 மற்ற இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் விழுகிறது. சிப்பியில் −21 வந்தால் அது மிதவை உயிரியைத் தின்றதா, புல்லையும் மேட்டுச் செடியையும் பாதிப்பாதி தின்றதா? கார்பனால் சொல்லவே முடியாது. 1985-ல் பீட்டர்சனும் ஹோவார்த்தும் கேரிட்டும் கந்தகத்தைச் சேர்த்தார்கள். கடல் சல்ஃபேட் +21; அதை எடுத்து வளரும் மிதவை உயிரி +19 பக்கம். புல்லோ சேற்றிலுள்ள சல்ஃபைடை உறிஞ்சுவதால் −2 பக்கம் கிடந்தது. முடிச்சு அவிழ்ந்தது.

அதே முடிச்சு கொள்ளிடக் கரையிலும் இருக்கிறது, வேறு செடிகளோடு. நெல்லின் கார்பன் −27 பக்கம். கரும்பு −12 பக்கம். கடலூர் மாவட்டத்தில் கரும்பு கொஞ்சநஞ்சமில்லை. வைக்கோலும் கரும்புச் சோகையும் கார்பன் கணக்கில் பாதிப்பாதி கலந்து ஆற்றில் வந்தால் −19.5. அச்சு அசலாகக் கடல் மதிப்பு! மழைக்காலத்தில் கலங்கலான ஆற்றுநீரில் −20 வந்ததும் “கடல் நீர் உள்ளே ஏறியிருக்கிறது” என்று எழுதிவிடாதீர்கள். வயல்கள் வடிகிற இடத்தில் கந்தகம் தனக்கான செலவை நியாயப்படுத்திவிடும். ஆற்று சல்ஃபேட்டும் நிலத்துச் செடிகளும் கடலின் +21-க்கு வெகு கீழே இருப்பதே வழக்கம்.

மறைமுகச் செலவுகள் இதிலும் உண்டு, அவை கொஞ்சம் முரட்டுத்தனமானவை. திசுவில் கந்தகம் ஒரு சதவீத அளவு அல்லது அதற்கும் குறைவு, ஆகவே கார்பனுக்கு எடுப்பதைவிடப் பல மடங்கு சாம்பிள் வேண்டும். தனி ஓட்டம், தனிக் கட்டணம். வடிகட்டியில் பிடித்த துகளில் கடல் உப்பின் சல்ஃபேட் ஒட்டியிருந்தால், நீங்கள் அளப்பது கரிமப் பொருளை அல்ல, உப்பை. அலையாத்திச் சேற்றிலோ இரும்புச் சல்ஃபைடு நிறைய. அதன் நடுவே கரிமக் கந்தகத்தைத் தேடுவது வீண். அதனால் சேற்றுக்கும் துகளுக்கும் கந்தகம் வேண்டாம் என்பேன். இறால், நண்டு, மடவை, மட்டி என்று உயிரியின் தசைக்குத்தான் அது. தின்பதிலிருந்து தசைக்குப் போகும்போது கந்தகம் பெரிதாக மாறுவதில்லை என்பது கூடுதல் வசதி.

இன்னொன்று: பக்கத்துப் பக்கத்து மரங்களிலேயே இலையின் கந்தக மதிப்பு கணிசமாக வேறுபடும். வேர் எவ்வளவு சல்ஃபைடைக் கண்டது என்பதைப் பொறுத்தது அது. இரண்டு மரத்து இலையை வைத்து “அலையாத்தியின் கந்தகம்” என்று எழுத முடியாது.

## மூன்றாவது வழி: மூலக்கூறு வாரியாகப் பிரித்துப் பார்ப்பது

சாம்பிளை மொத்தமாக எரிக்காமல், அதிலுள்ள கொழுப்பு அமிலம், மெழுகு, அமினோ அமிலம் என்று ஒவ்வொன்றின் ஐசோடோப்பையும் தனித்தனியாக அளப்பது. கேட்டாலே ஆசை வரும். நிலத்துச் செடியின் இலைமெழுகில் நீளச் சங்கிலி மூலக்கூறுகள் இருக்கும். மிதவை உயிரிகள் அவற்றைப் பெரிதாகத் தயாரிப்பதில்லை. ஆக, சேற்றிலிருந்து அந்த மெழுகை மட்டும் பிரித்துக் கார்பனைப் பார்த்தால் நெல் வகையா கரும்பு வகையா என்று நேரடியாகத் தெரியும். கடல் குறுக்கே வராது. பாக்டீரியாவுக்கே உரிய கிளைச் சங்கிலிக் கொழுப்பு அமிலத்தைப் பார்த்தால் அந்தச் சேற்று பாக்டீரியா எதைத் தின்று வளர்ந்தது என்பது வரை போகலாம். மொத்த அளவீட்டால் இதை எட்டவே முடியாது.

விலை? குளோரோஃபார்ம், மெத்தனால் என்று கரைப்பான்கள், பல கட்டப் பிரிப்பு. ஆவியாக வேண்டும் என்பதற்காக மூலக்கூறோடு ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டுகிறோம். அதன் கார்பனும் கணக்கில் நுழைகிறது, அதைக் கழிக்க வேண்டும். துல்லியமும் இறங்கிவிடும்: அரை பெர்மில் வந்தாலே நல்ல நாள். 60 சாம்பிளுக்கு ஒதுக்கிய பணத்தில் இங்கே விரல் விட்டு எண்ணும் அளவுதான் ஓடும்.

அமினோ அமிலத்தில் ஒரு கண்ணியும் உண்டு. குளுட்டாமிக் அமிலத்தின் நைட்ரஜன் ஒரு படிக்கு 8‰ ஏறும்; ஃபினைலாலனினில் 0.4 மட்டுமே. இரண்டின் வித்தியாசத்தை வைத்தே ஒரு மீன் எந்தப் படியில் இருக்கிறது என்று மூலத்தை அளக்காமலே சொல்லலாம் என்பார்கள். ஆனால் அந்த வித்தியாசம் தொடங்கும் புள்ளி நீர்ப்பாசிக்கு +3.4, நிலத்துச் செடிக்கு −8.4. இரண்டும் கலந்து கிடக்கும் அலையாத்திக் காட்டில் எதைப் போடுவீர்கள்? திறந்த கடலில் மின்னும் இந்த முறை கழிமுகத்தில் பழைய கேள்விக்கே திரும்பி வந்துவிடுகிறது.

## நான்காவது வழி: ஐசோடோப்பை விட்டுவிடுவது

இதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கேள்வி கரைந்த கரிமப் பொருளைப் பற்றியது என்றால் ஐசோடோப்பு சிரமமான பாதை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதில் கரிமக் கார்பன் ஒன்றிரண்டு மில்லிகிராம். உறிஞ்சு குழாயில் பிடித்து உப்பை நீக்கினாலும் ஒரு பகுதி நழுவிவிடும். நழுவியதும் பிடிபட்டதும் ஒரே தன்மை என்று சொல்ல முடியாது. அதற்குப் பதில் வடிகட்டிய நீரை ஒளிர்வுமானியில் வைத்தால், மட்கு போன்ற பொருளும் புரதம் போன்ற பொருளும் வெவ்வேறு இடத்தில் ஒளிரும். பல பல்கலைக்கழகங்களில் அந்தக் கருவி கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கும். சாம்பிளுக்குச் சில நிமிடம். ஓதத்துக்கு ஓதம் அளக்கலாம். சதவீதக் கணக்கு கிடைக்காது, போக்கு தெரியும். இரும்பும் அமில-காரத் தன்மையும் ஒளிர்வை மாற்றும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

லிக்னின் அளப்பதும் இந்த வகைதான். மரம், இலை போன்ற நிலத்துச் செடிப்பொருள் சேற்றில் இருக்கிறதா என்று சந்தேகமே இல்லாமல் சொல்லும். வேலை கடினம், நெல்லையும் அலையாத்தியையும் அரைகுறையாகப் பிரிக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு நல்லது | எங்கே ஏமாற்றும் | யாரும் சொல்லாத செலவு |
|---|---|---|---|
| கார்பன் + நைட்ரஜன் | கடற்புல், சேற்றின் நீண்ட வரலாறு, உணவுப் படி | அலையாத்தி வாய்க்கால், நெல்லும் கரும்பும் கலக்கும் ஆறு | அமிலத்துக்காக இரட்டைச் சாம்பிள். மூலங்களை அளப்பது |
| கந்தகம் சேர்த்தல் | மீன், இறால், மட்டியின் தசை | அலையாத்திச் சேறு, உப்பு ஒட்டிய துகள் | அதிக சாம்பிள். மரத்துக்கு மரம் வேறுபாடு |
| மூலக்கூறு வாரியாக | பாக்டீரியாவின் உணவு, கரும்பு-நெல் வகைப் பிரிப்பு | கலப்பு இடத்தில் உணவுப் படி | மாதக்கணக்கில் கைவேலை |
| ஒளிர்வு | கரைந்த பொருள், ஓதத்தோடு மாறுவது | சதவீதக் கணக்கு | இரும்பின் குறுக்கீடு |

## சரி, 60 சாம்பிளை எப்படிச் செலவழிப்பது

பிச்சாவரத்தில் இறாலின் உணவு பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், நான் 60-ல் 25-ஐ மூலங்களுக்கே கொடுப்பேன். சுரபுன்னை, வெண்கண்டல், சேற்றின் மேல் படரும் பாசி, வாய்க்கால் மிதவை உயிரி, கடல் மிதவை உயிரி, கால்வாய் வழி வரும் துகள். இறால் பண்ணை பக்கத்தில் இருந்தால் அங்கே போடும் தீவனமும். மீன்தூளும் சோயாவும் கலந்த அந்தத் தீவனம் நடுவில் எங்கோ விழுந்து எல்லாவற்றையும் குழப்பும். மீதியில் இறால் தசை. அதிலும் 15-க்குக் கந்தகம்.

கண்ணுக்கு முன் குவிந்து கிடப்பதுதான் தின்னப்படுகிறது என்று நினைக்கவும் கூடாது. கோதாவரி டெல்டாவின் கொரிங்காவில் செய்து 2000-ல் வெளியான ஆய்வில், துகள் கலவையாக மிதந்தாலும் விலங்கு மிதவை உயிரிகள் அதற்குள் பொறுக்கித்தான் தின்றன என்று தெரிந்தது. துகளை மட்டும் அளந்து உணவுச் சங்கிலியைப் பற்றி எழுதினால் இந்தப் பொறுக்கல் தப்பிப்போகும்.

சேற்றில் குழாயை ஆழமாக இறக்கித் துளைமாதிரி எடுத்து நூறு வருடக் கதையைப் பார்க்கிறவர்களுக்குக் கார்பன்-நைட்ரஜன் போதும். ஆனால் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்ததால் காற்றின் கரியமில வாயுவே தொழிற்புரட்சிக்கு முந்தைய −6.5-லிருந்து −8.5 பக்கம் இறங்கிவிட்டது. அந்த 2‰-ஐத் திருத்தாமல் “சமீப காலத்தில் நிலத்துப் பொருள் கூடியிருக்கிறது” என்றால், சொன்னது காற்றைப் பற்றித்தான்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. மிக்ஸ்சியார் போன்ற கலப்பு மாடலில் 2 ஐசோடோப்பையும் 7 மூலத்தையும் போட்டால் அது மறுக்காது. ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு சதவீதம் தந்துவிடும். 2 ஐசோடோப்பால் ஐயமறப் பிரிக்கக்கூடியது 3 மூலத்தைத்தான். அந்த ஏழின் சதவீதமும் 5-லிருந்து 40 வரை பரந்து கிடந்தால், மாடல் உங்களிடம் “தெரியாது” என்று மரியாதையாகச் சொல்கிறது என்று அர்த்தம்.

எனவே முதல் தடவை 60-ஐயும் அனுப்பாதீர்கள். மூலங்கள் மட்டும் 15 போகட்டும். முடிவு வந்ததும் கார்பனைக் கிடையாகவும் நைட்ரஜனை நெடுக்காகவும் வைத்து வரைந்து பாருங்கள். மூலங்கள் முக்கோணமாக விரிந்தால் மீதி 45-ஐ அனுப்பலாம். எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தால் இரண்டாவது ஐசோடோப்பால் பயன் இல்லை. கந்தகத்துக்குப் பணம் திருப்புவதா, கேள்வியையே மாற்றுவதா என்று அப்போது முடிவு செய்யுங்கள்.

மிச்சத் தூளைத் தூக்கிப் போடவும் வேண்டாம். இரண்டு வருடம் கழித்துக் கந்தகம் பார்க்கத் தோன்றும். கண்ணாடிக் குப்பியில் காய்ந்ததாக வைத்து, உள்ளே பென்சிலால் எழுதிய காகிதத் துண்டு ஒன்றைப் போடுங்கள். என் அலமாரியில் எத்தனால் பட்டு மார்க்கர் எழுத்து அழிந்த 11 குப்பிகள் இருக்கின்றன. எல்லாமே நன்றாக அரைத்த பச்சைத்தூள். எது வெண்கண்டல், எது சுரபுன்னை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.